வீட்டில் வளர்த்த சுண்டெலியா, உறைய வைத்த சுண்டெலியா?

பாம்புக்கு இரையாக எது நல்லது என்று மதுரையில் மலைப்பாம்பு வளர்க்கும் இரு நண்பர்கள் ஒரே வாரத்தில் கேட்டார்கள்.

செலவு: வளர்த்தால் ஓர் ஆண், மூன்று பெண் போதும்; ஏறக்குறைய 20 நாளில் குட்டி போடும். கம்பும் கேழ்வரகும் எலித் தீனியில் பாதிக்கு ஆகும். உறைந்ததற்கு ஒவ்வொரு முறையும் காசு.

பராமரிப்பு: இங்கேதான் பலர் தோற்கிறார்கள். மரத்தூளை வாரம் இருமுறை மாற்றினாலும் ஆண் எலியின் மூத்திர நெடி துணியில் ஏறிவிடும். சித்திரை வெயிலில், தகரக் கூரையின் கீழ், தாயே குட்டிகளைத் தின்றதைப் பார்த்துப் பதறியிருக்கிறேன். உறைந்ததற்கு மின்தடைதான் எதிரி. இளகியதை மறுபடி உறைய வைக்காதீர்கள்.

பாதுகாப்பு: உயிருள்ள எலி பாம்பைக் கடித்துக் குதறும். வளர்த்தாலும் உயிரோடு போடாதீர்கள்.

ஒரே பாம்பென்றால் உறைந்தது. ஐந்தாறு பாம்பும் காற்றோட்டமான கொட்டகையும் இருந்தால் வளர்க்கலாம்.