புக்கிங் ஹிஸ்டரியா, மொத்த லாகா?
வாடகை வண்டி சாஃப்ட்வேர்ல யாரு எதை மாத்துனாங்கன்னு பாக்க ரெண்டு வழி, புக்கிங்குக்குள்ளயே இருக்கற ஹிஸ்டரி டேப், இல்லன்னா மொத்த லாகையும், அதாவது சாஃப்ட்வேர்ல நடந்த எல்லா மாற்றமும் பதிவாகற பட்டியல, எக்ஸெல்ல இறக்கி பாக்கறது.

வேகம்: டேப்ல உடனே தெரிஞ்சிரும். எக்ஸெல்ல ஃபில்டர் போட்டு தேடணும்.

விவரம்: டேப்ல அந்த ஒரு புக்கிங்கோட பழைய மதிப்பு, புது மதிப்பு, யாரு, எப்போன்னு வரும். ஆனா எல்லா புக்கிங்குக்கும் பொதுவான ரேட்டையே யாராச்சும் மாத்தியிருந்தா, இல்ல வண்டியோட கிலோமீட்டர தனியா திருத்தியிருந்தா பல நேரம் அங்க வராது, மொத்த லாக்லதான் சிக்கும்.

நேரம்: எக்ஸ்போர்ட் பல சாஃப்ட்வேர்ல யுடிசி நேரத்துலதான் (உலகப் பொது நேரம், நம்ம நேரத்துக்கு அஞ்சரை மணி நேரம் பின்னாடி) வரும், இதை கவனிக்காம தப்பான ஷிஃப்ட் ஆள சந்தேகப்படாதீங்க ப்ளீஸ்.

பில்லு ஏன் கூடுச்சுன்னு கஸ்டமர் கேட்டா டேப் போதும். மாசக் கணக்கு இடிக்குது, ஒரே தள்ளுபடி திரும்பத் திரும்ப வருதுன்னா எக்ஸெல்தான்.