ஆசாரத்துக்கு டபுள் சார்ஜ் டைல்ஸ்: வாங்கலாமா?

கொங்குப் பக்கத்து பட்ஜெட் வீட்டு ஆசாரத்துக்கு, அதாவது ஹாலுக்கு, இரண்டுக்கு இரண்டு அடி டபுள் சார்ஜ் விட்ரிஃபைடு டைல்ஸ் (இரண்டு அடுக்காக அழுத்திச் சுட்ட கெட்டியான தரை ஓடு) தாராளமாகப் போடலாம். நிற அடுக்கே 3 முதல் 4 மி.மீ. கனம், கட்டிலை இழுத்தாலும் டிசைன் அவ்வளவு சீக்கிரம் தேயாது. ஆனால் ஈரம் பட்டால் வழுக்கும். குளியலறை, திண்ணைக்கு வேண்டவே வேண்டாம்.

பெட்டிக்கு 4 டைல்ஸ், சுமார் 15.5 சதுர அடி. 150 சதுர அடி அறைக்கு வெட்டு, உடைசல் சேர்த்து 11 பெட்டி. எல்லாவற்றிலும் பேட்ச் எண் ஒன்றுதானா பாருங்கள். இரண்டு டைல்ஸை முகத்தோடு முகம் சேர்த்துப் பிடித்து நடுவில் வெளிச்சம் தெரிந்தால் வளைந்த சரக்கு.

காசு வீணாவது பதிப்பதில்தான். இந்த டைல்ஸ் அரை சதவீதம்கூடத் தண்ணீர் உறிஞ்சாது; வெறும் சிமென்ட் பாலில் பிடிப்பு இருக்காது. டைல்ஸ் பசையை அடியில் முழுக்க இழுத்து, 2 மி.மீ. சந்து விடச் சொல்லுங்கள். காய்ந்தபின் நாணயத்தால் மூலை மூலையாகத் தட்டுங்கள். ‘டொப்’பென்று கேட்டால் அடியில் பொள்ளல், கழற்றி ஒட்டச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் பீரோ கால் அங்கே உட்காரும்போது விரிசல் விடும்.

ஆசாரத்தில் போடக் கட்டிலா? பார்ட்டிகிள் போர்டு வேண்டாம், வீடு துடைக்கும் ஈரத்திலேயே கால் உப்பிவிடும். சதுரக்குழாய் இரும்புக் கட்டில்தான் நல்லது. காலுக்கு ரப்பர் புஷ் கேட்டு வாங்குங்கள்.