லிமாவில் ஒரு செவிச்சே வகுப்பு

பெரு நாட்டின் தலைநகர் லிமாவில், பராங்கோ பகுதியில் ஓர் அம்மையார் தம் வீட்டுச் சமையலறையில் நடத்தும் வகுப்பு இது. செவிச்சே என்பது பச்சை மீனை எலுமிச்சைச் சாற்றில் ஊறவைத்துச் செய்யும் உணவு. மூன்று மணி நேரத்தில் ஒரு மணி நேரம் சுர்கியோ சந்தையிலேயே கரைந்துவிட்டது. பிஸ்கோ என்ற திராட்சை மதுவில் பானம் கலக்கியதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. மீன்தான் விஷயம்.

கொர்வினா மீனைத் துண்டுபோட்டு முதலில் உப்பை மட்டும் பிசிறினார். பிறகு எலுமிச்சை. ஊறுகாய் போட்டுப் பழகிய கையல்லவா, கடைசிச் சொட்டுவரை பிழிந்தேன். கையைப் பிடித்து நிறுத்திவிட்டார். அழுத்திப் பிழிந்தால் தோலின் கசப்பு இறங்கிவிடுமாம். ஐந்தே நிமிடத்தில் மீன் ஓரங்களில் வெளுத்தது. நடுவில் பச்சையாகவே இருந்தது. அங்கே அதுதான் பக்குவம்.

ஒரு குறை. புளிப்பு சதையை இறுக்குமே தவிர ஒட்டுண்ணிப் புழுக்களைக் கொல்லாது. வீட்டில் செய்பவர்கள் மைனஸ் 20 டிகிரியில் ஏழு நாள் உறையவைத்த மீனை வாங்குவதே நல்லது. இதை அவர் சொல்லவே இல்லை; கட்டணம் வாங்குகிறவர் சொல்லியிருக்க வேண்டும்.

அடியில் தேங்கிய சாற்றுக்கு ‘புலிப்பால்’ என்று பெயர். அஜி மிளகாயின் காரத்தில் கண் கலங்கியது. அவித்த சர்க்கரைவள்ளிக் கிழங்கைக் கடித்துக்கொண்டே கிண்ணத்தைக் காலி செய்தேன்.