சுடுதண்ணிக்கு மைக்ரோவேவா கெட்டிலா? கழுவுற வேலைய வச்சு பாத்தா...

எங்க வீட்ல மைக்ரோவேவ் ஆறு வருஷமா இருக்கு, எலக்ட்ரிக் கெட்டில் வாங்கி ஒன்றரை வருஷம் ஆகுது. பால் ஊத்தி கொதிக்க விடுற டீக்கு எப்பவும் கேஸ் அடுப்புதான், அதுல பேச்சே இல்ல. க்ரீன் டீ, ப்ளாக் காபி, காலைல அத்தைக்கு வெறும் வயித்துல ஒரு டம்ளர் சுடுதண்ணி, பில்டர்ல டிகாக்ஷன் இறக்க கொதிக்கிற தண்ணி, இதுக்கெல்லாம் எது சரிப்படும்னுதான் கேள்வி. நான் கெட்டில் கட்சி.

இதுக்கு காரணம் ஒரு ஞாயித்துக்கிழமை. மதியம் வஞ்சிரம் குழம்ப மூடாமயே மைக்ரோவேவ்ல சூடு பண்ணிட்டோம். சாயங்காலம் அதுலயே ஒரு மக் தண்ணி வச்சு அத்தைக்கு குடுத்தேன், ஒரு வாய் குடிச்சிட்டு "ஏம்மா, தண்ணில மீன் வாடை வருது பாரு"ன்னு திருப்பி நீட்டிட்டாங்க. லைட்டுக்கு கீழ பிடிச்சு பாத்தா தண்ணி மேல குட்டி குட்டியா எண்ணெய் வட்டம். மக் நல்லா கழுவுனதுதான். அப்புறம் மைக்ரோவேவுக்குள்ள குனிஞ்சு மேல் பக்கத்த பாத்தப்பதான் புரிஞ்சுது, அங்க குழம்பு தெறிச்சு மஞ்சளா ஒட்டியிருக்கு, தண்ணி கொதிக்கிற ஆவி அதுல பட்டு பிசுக்க இளக்கி சொட்டு சொட்டா மக்லயே விழுந்திருக்கு. கண்ணாடித் தட்ட கழுவுறோம், பக்கச் சுவர தொடைக்கிறோம், மேல யாரும் பாக்குறதே இல்ல.

சுத்தம் பண்றது கஷ்டம்னு சொல்ல வரல. ஒரு கண்ணாடி கிண்ணத்துல தண்ணி, அரை எலுமிச்சம்பழம் பிழிஞ்சு தோலையும் அதுலயே போட்டு அஞ்சு நிமிஷம் ஓட விட்டு, கதவத் திறக்காம இன்னும் அஞ்சு நிமிஷம் விட்டா பிசுக்கு ஊறிடும், துணியால தொடச்சா வந்துரும். உள்ள ஓரத்துல அட்டை மாதிரி ஒரு மைக்கா ஷீட் இருக்கும், அத அழுத்தித் தேய்க்காம மெதுவா தொடைக்கணும், அதுல எண்ணெய் படிஞ்சு கருகுனா பொறி பறக்கும், அப்புறம் ஷீட்டையே மாத்த வேண்டியதுதான். ஆனா சாம்பார், குழம்பு, பொரியல்னு தினம் மூணு வேளை சூடு பண்ற வீட்ல, தண்ணி வாடை அடிக்காம இருக்கணும்னா இத ரெண்டு நாளைக்கு ஒருதடவை செய்யணும். என்னால முடியல, அவ்ளோதான்.

கெட்டில்ல தண்ணி தவிர வேற எதுவும் போகாது, அதனால பிசுக்கு, வாடைங்கற பிரச்சனையே கிடையாது. ஆனா உப்பு படியும், சென்னைல இத கண்டிப்பா சொல்லியே ஆகணும். எங்க மேடவாக்கம் ப்ளாட்ல போர் தண்ணி. தண்ணில கரைஞ்சிருக்கற கால்சியம் சூடு பட்டதும் பிரிஞ்சு வெள்ளையா அடில ஒட்டிக்கும். வாங்கின புதுசுல தெரியாம போர் தண்ணியே ஊத்துனோம், மூணே வாரத்துல உள்ள சுண்ணாம்பு அடிச்ச மாதிரி ஆயிடுச்சு, டம்ளர்ல ஊத்துனா வெள்ளையா செதில் மிதக்குது. அரை கெட்டில் தண்ணில ரெண்டு எலுமிச்சம்பழம் பிழிஞ்சு கொதிக்க விட்டு அரை மணி நேரம் வச்சு கொட்டுனேன், அப்படியே கழண்டு வந்துச்சு, ஸ்க்ரப்பர் எதுவும் வேண்டியதில்ல. அப்புறம் கேன் வாட்டருக்கு மாறிட்டோம், இப்ப ரெண்டு மாசத்துக்கு ஒருதடவை செஞ்சா போதும். மெட்ரோ வாட்டர் வர்ற ஏரியால எவ்ளோ படியும்னு என்னால சொல்ல முடியாது, நான் அதுல வச்சு பாத்ததில்ல.

இன்னொரு விஷயம், நம்ம வீட்ல எல்லாம் எவர்சில்வர் டம்ளர்தான், அத மைக்ரோவேவ்ல வைக்க முடியாது, பீங்கான் மக்ல சூடு பண்ணி டம்ளர்ல மாத்தணும். வழுவழுப்பான மக்ல தண்ணி மட்டும் ரொம்ப நேரம் வச்சா, கொதிநிலைய தாண்டியும் குமிழே வராம அமைதியா இருக்கும், ஸ்பூன விட்டாலோ காபித்தூள் போட்டாலோ சட்டுனு பொங்கி கையில தெறிக்கும். உள்ள ஒரு மரக் குச்சி போட்டு வச்சா அப்படி ஆகாது. கெட்டில் கொதிச்சதும் தானா ஆஃப் ஆயிடும், ஆனா மூடி சரியா மூடலன்னா ஆகாது, ஆவி உள்ள இருக்கற ஸ்விட்ச்ச தொட்டாதான் கட் ஆகும்.

கரண்டுல பெரிய வித்தியாசம் இல்ல, ஒரு லிட்டர் கொதிக்க கெட்டிலுக்கு சுமார் 0.1 யூனிட், மைக்ரோவேவுக்கு கொஞ்சம் கூட. கெட்டில் 1500 வாட்ஸ்னா 6 ஆம்ப்ஸ் பிளக்ல போடாதீங்க, 16 ஆம்ப்ஸ் பாயிண்ட் வேணும்.

மைக்ரோவேவுக்கு நியாயமா ஒண்ணு சொல்லணும். ஒரே ஒருத்தருக்கு ஒரு கப்னா அதுல ஒரு கப் மட்டும் வைக்கலாம், எங்க கெட்டில்ல குறைஞ்சது அரை லிட்டர் ஊத்தணும். ஆறிப்போன காபிய சூடு பண்ணவும் அதுதான், கெட்டில்ல பால் ஊத்தவே கூடாது, அடி பிடிச்சா தேய்க்க முடியாது. உள்ள குழம்பு கிழம்பு எதுவும் சூடு பண்ணாத, பேச்சிலர் ரூம் மாதிரி இடம்னா மைக்ரோவேவே போதும், தனியா கெட்டில் வாங்க வேணாம்.

கண்ணாடி கெட்டில் நான் வச்சிருந்ததில்ல, எங்களது ஸ்டீல். ராத்திரி மிச்சத் தண்ணிய கொட்டிட்டு மூடியத் திறந்து வைக்கிறேன், காலைல உள்ள காஞ்சு போய் இருக்கும்.