ரெயின்போ மங்கா (ஜப்பானியச் சித்திரக்கதை): உள்ளே இருக்கும்வரை அபாரம்

1955, ஜப்பான். ஷோனான் சீர்திருத்தப் பள்ளியின் இரண்டாம் பிளாக், ஆறாம் அறைக்குள் ஆறு பையன்கள் தள்ளப்படுகிறார்கள். அங்கே ஏற்கெனவே இருப்பவன் குத்துச்சண்டை தெரிந்த சகுராகி. முதலில் அடிதடி, பிறகு அவன்தான் எல்லோருக்கும் அண்ணன். கதாசிரியர் ஜோஜி அபே சிறை கண்டவர். காவலர் இஷிஹாராவின் வன்மத்தில் அது தெரிகிறது.

மசாசுமி ககிசாகி குறுக்குக்கோடுகளை நெருக்கமாக அடுக்கி வரைகிறார். வியர்வையும் காயமும் தனித்தனியாகத் தெரியும். போன் திரையில் எல்லாம் மசியாக அப்பிக்கொள்ளும், டேப்லெட்டாவது வேண்டும். வலமிருந்து இடமாகப் படிக்கணும்.

மொத்தம் 22 தொகுதிகள். விடுதலையானபின் ஆளுக்கொரு பிழைப்பு என்று கதை சிதறுவதால் இறுக்கம் போய்விடுகிறது. போதாததற்குக் கதைசொல்லியின் வரிகள் வேறு 'அழு, அழு' என்கின்றன. பாலியல் வன்முறையும் உண்டு. பையன்கள் கதைதானே என்று பிள்ளைகளிடம் கொடுத்துவிடாதீர்கள். பொறுமை இல்லாதவர்களுக்கு 2010-இல் வந்த 26 பகுதி அனிமே (அனிமேஷன் தொடர்) போதும்.