எட்டுப் படம், ஒரு பள்ளத்தாக்கு: எந்த மென்பொருளில் ஒட்டுவது?

கோத்தகிரியில் தங்கும் விடுதி நடத்தும் என் சித்தப்பா மகனுக்கு வரவேற்பறைச் சுவரில் மாட்ட ஆறடி நீளத்தில் கேத்தி பள்ளத்தாக்கின் படம் வேண்டுமாம். "அதுக்கு எதுக்குண்ணா கேமரா? செல்போனை அப்படியே ஒரு சுத்து சுத்தினா போதாதா?" என்றான்.

வாட்ஸ்அப்பில் அனுப்பத் தாராளமாகப் போதும். செல்போன் நாம் சுழலச் சுழல மெல்லிய கீற்றுகளாக எடுத்து, அப்போதே ஒட்டிக்கொண்டு போகிறது. அசையாத மலைக்கு அது சரி. மலை ரயில் வந்துவிட்டால் வேடிக்கைதான்: நாம் சுற்றும் திசையிலேயே போனால் பெட்டிகள் இழுபட்டு நீளும், எதிரே வந்தால் நசுங்கிவிடும். ஒட்டியதைப் பிரித்துச் சரிசெய்யவும் வழியில்லை.

ஆறடி என்றால் 72 அங்குலம். அங்குலத்துக்கு 300 புள்ளி வைத்தால் 21,600 புள்ளி அகலம் வேண்டும். 24 மெகாபிக்சல் கேமராவை நிமிர்த்திப் பிடித்தால் ஒரு படம் 4,000 புள்ளி அகலம். ஒன்றன்மேல் ஒன்று முப்பது சதவீதம் படியும்படி எட்டுப் படம் எடுத்தால் ஏறக்குறைய 23,600 வந்துவிடும். ஆக, எட்டுப் படத்தையும் எதில் ஒட்டுவது என்பதுதான் கேள்வி.

பழைய ஆட்கள் மைக்ரோசாப்ட்டின் 'ஐசிஇ'யை (இமேஜ் காம்போசிட் எடிட்டர்) சொல்வார்கள். இலவசம், படங்களை இழுத்துப் போட்டால் நொடியில் முடியும். 2015-ல் வந்த இரண்டாம் பதிப்பு ஓரத்துக் காலி மூலைகளைக்கூடத் தானே நிரப்பும். ஆனால் அந்த நிறுவனமே அதைக் கைவிட்டுவிட்டது, அதிகாரபூர்வமாக இறக்கிக்கொள்ள முடியாது. பழைய கணினியில் இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள். இனிமேல் தேடி அலைய வேண்டாம்.

அடோபியின் படம் திருத்தும் மென்பொருளான லைட்ரூமுக்கு ஏற்கெனவே மாதச் சந்தா கட்டுபவர்களுக்கு அதுதான் சுலபம். ரா கோப்புகளை, அதாவது கேமரா பதிந்த மூலத் தரவை, ஒட்டி அதே மாதிரி திருத்தக்கூடிய ஒரே டிஎன்ஜி கோப்பாகத் தருவதால், நிறத்தையும் வெளிச்சத்தையும் ஒட்டிய பிறகும் ஆறஅமர மாற்றலாம். கேத்தியில் காலை ஒன்பது மணி வெயிலும் நிழலும் ஒரே சட்டத்துக்குள் முட்டிக்கொள்ளும்போது இதன் அருமை தெரியும். வளைந்த ஓரங்களை வெட்டாமல் சட்டத்துக்குள் இழுத்து நிரப்பும் வசதியும் உண்டு. குறை ஒன்றுதான்: எந்தப் புள்ளியோடு எந்தப் புள்ளியைச் சேர்த்தது என்று அது காட்டாது, நாம் திருத்தவும் முடியாது.

நம்ம ஊரில் அது சின்னக் குறை இல்லை. இந்த மென்பொருள்கள் எல்லாம் பக்கத்துப் பக்கத்துப் படங்களில் பொதுவான அடையாளங்களைத் தேடித்தான் ஒட்டுகின்றன. தேயிலை வரிசையில் ஒரு புதர் மாதிரியே அடுத்த புதர். கேரட் பாத்தியும் அப்படித்தான். போதாக்குறைக்கு மஞ்சு வேறு: முதல் படத்தில் இருந்த இடத்தில் மூன்றாம் படத்தில் இருக்காது. மென்பொருளோ மேகத்தின் விளிம்பையும் நிலையான அடையாளம் என்று நம்பிவிடும். எனக்கு ஒருமுறை தோட்டத்து வரிசைகள் நடுவில் முறிந்து, படிக்கட்டு போல வந்தன.

இங்கேதான் ஹியூகின் என்ற மென்பொருள் கைகொடுக்கிறது. ஜெர்மானியப் பேராசிரியர் ஹெல்முட் டெர்ஷ் 1998-ல் உருவாக்கிய பனோரமா டூல்ஸ் என்ற படம் ஒட்டும் கருவிகளின் வழி வந்தது. முழுக்க இலவசம்; விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். முதல் முறை திறப்பவருக்குக் கொஞ்சம் மிரட்டலாகத்தான் இருக்கும். ஆனால் கன்ட்ரோல் பாயின்ட் (இரண்டு படங்களிலும் பொதுவாகக் குறித்த புள்ளி) பட்டியலைத் திறந்தால் எந்த ஜோடி எவ்வளவு விலகியிருக்கிறது என்று எண்ணாகக் காட்டும். விலகல் அதிகமானவற்றை அழித்துவிட்டு, ஒரு பாறை நுனியையோ ஓட்டுவீட்டின் கூரை முனையையோ நாமே குறித்து மறுபடி கணக்கிடச் சொல்லலாம். மேகத்தில் விழுந்த புள்ளிகளை மட்டும் பொறுக்கி நீக்க 'செலஸ்ட்' என்று தனிக் கருவியே இருக்கிறது. ஊட்டிக்காரர்களுக்காகவே செய்தார்களோ என்று தோன்றும்! வேண்டாத பகுதியை மாஸ்க் போட்டு மறைக்கலாம். நேரம் பிடிக்கும், அதை மறைக்க மாட்டேன்.

பிடிகுயியும் அதே வேரிலிருந்து கிளைத்ததுதான். ஹியூகினைவிட வேகம், திரையும் தெளிவு. விலை கொடுத்து வாங்க வேண்டும். சோதனைப் பதிப்பில் படத்தின் மேல் முத்திரை விழும். விடுதிகளுக்கு 360 பாகை சுற்றுப்படம் எடுத்துக் கொடுத்துச் சம்பாதிப்பவர் வாங்கலாம். வருடத்துக்கு நாலு படம் ஒட்டும் எனக்குத் தேவைப்படவில்லை.

எந்த மென்பொருளாலும் முழுதாகக் காப்பாற்ற முடியாத தப்பு ஒன்று உண்டு. கட்டைவிரலை முகத்துக்கு நேரே நீட்டி, கண்களை மாற்றி மாற்றி மூடிப் பாருங்கள், விரல் தாவும். காட்சிமுனைக் கம்பி வேலிக்குப் பின்னால் நின்று கேமராவைச் சுற்றினால் வேலியும் அப்படித்தான் தாவும். தொலைவில் மலை சரியாக ஒட்டும், முன்னால் கம்பி துண்டுதுண்டாகும். நானே ஒரு காலைப்பொழுதை இப்படி வீணாக்கியிருக்கிறேன். வேலியை ஒட்டி நின்று, அது சட்டத்துக்குள் வராமல் எடுங்கள். எக்ஸ்போஷர் (வெளிச்ச அளவு), ஒயிட் பேலன்ஸ் (நிறச் சமன்), ஃபோகஸ் மூன்றையும் முதல் படத்திலேயே பூட்டிவிடுங்கள்.

தம்பியின் படத்தைக் கடைசியில் ஹியூகினில்தான் ஒட்டினேன். மூன்றாம் படத்தில் இருந்த ரயில், நான் ஐந்தாவதை எடுப்பதற்குள் நகர்ந்து அதிலும் விழுந்திருந்தது. ஒன்றை மாஸ்க் போட்டு நீக்கப் போனேன். "ரெண்டும் இருக்கட்டும்ணா, வர்றவங்க கண்டுபிடிக்கிறாங்களான்னு பார்ப்போம்" என்கிறான்.