ஆளுக்கு ஐந்து நட்சத்திரம், பில்லுக்கு இரண்டு

அமெரிக்கக் கல்லூரியில் ஃப்ரட்டர்னிட்டி என்கிற மாணவர் சகோதரச் சங்கத்துக்குப் புது சாப்டர் (கிளை) என்றால் நாலு பசங்க கூடிப் பேசி கிரேக்க எழுத்து இரண்டைப் பெயராக வைத்துக்கொள்கிற விஷயம் என்று ஊரில் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது ஒரு தலைமையகத்திடம் காசு கட்டி வாங்குகிற சேவை. அந்தத் தலைமையகத்தை எல்லாரும் ‘நேஷனல்ஸ்’ என்போம். ஒஹாயோவில் ஒரு பல்கலைக்கழகத்தில் அப்படித் தொடங்கிய சாப்டருக்கு நான்தான் முதல் பொருளாளர். வந்த பில் எல்லாம் என் கையில்தான் வந்து விழும். வீட்டில் திருப்பூரில் பனியன் கம்பெனி, அதனால் பில்லைக் கடைசி வரி வரை படிக்கிற பழக்கம் சின்ன வயசிலேயே வந்துவிட்டது. குறையும் சொல்லப் போவதால் எந்த ஃப்ரட்டர்னிட்டி என்று எழுதவில்லை.

முதலில் ஆளைப் பற்றி. வளாகத்தில் ஏற்கெனவே இருக்கும் சாப்டர்களின் கூட்டமைப்பான ஐஎஃப்சி ஓட்டுப் போட்டு, புதுசாக ஒன்று வரலாம் என்று சொன்ன பிறகு, நேஷனல்ஸ் இரண்டு கன்சல்டன்டுகளை அனுப்பியது. கல்லூரி முடித்துக் கொஞ்ச நாள்தான் ஆன பையன்கள். மாணவர் மையத்தில் மேசை போட்டு உட்கார்ந்தார்கள். சொராரிட்டி என்கிற மாணவியர் சங்கப் பெண்களிடம் போய், ‘எந்த ஃப்ரட்டர்னிட்டியிலும் சேராத நல்ல பையன்கள் யார்?’ என்று கேட்டுப் பெயர் வாங்கினார்கள். அப்புறம் ஒவ்வொருவரையும் தனியாகக் காபிக்குக் கூப்பிட்டுப் பேசினார்கள். எங்களை இப்படித்தான் சேர்த்தார்கள்.

அந்த இருவரில் ஒருவனுக்குத்தான் ஐந்து நட்சத்திரம். விதிமுறை எழுத, பட்ஜெட் போட, ராபர்ட்ஸ் ரூல்ஸ் என்கிற கூட்ட நடைமுறை நூலின்படி கூட்டம் நடத்த எல்லாம் அவன்தான் பழக்கினான். அவனிடம் எனக்கு மிகவும் பிடித்தது ஹேஸிங் (நம்ம ஊர் ராகிங் மாதிரி) பற்றிச் சொன்ன விஷயம். முதல் வருஷம் எல்லாரும் புதுசு. சீனியரே இல்லாத இடத்தில் யார் யாரைப் படுத்துவது? ஆபத்து இரண்டாவது பேட்ச் வரும்போதுதான் என்றான். ‘நாங்கள் கஷ்டப்பட்டு உருவாக்கினோம், நீ சும்மா வந்து உட்காருவாயா?’ என்ற எண்ணம் சாப்டரைத் தொடங்கியவர்களுக்கு அப்போதுதான் வருமாம். அவன் சொன்னது போலவே, எங்களில் ஒருத்தன் புதுப் பையன்களைப் பெட்டி தூக்க வைக்கலாம் என்று விளையாட்டாக ஆரம்பித்தான். அதற்குள் ஹேஸிங் கூடாது என்ற விதி எழுதிக் கையெழுத்தாகி இருந்ததால் பேச்சு அங்கேயே நின்றது.

இதை நீட்டிச் சொல்லக் காரணம் உண்டு. சேரப் போகிறேன் என்றதும் அப்பா கேட்ட முதல் கேள்வியே, ‘ராகிங் இருக்குமா?’ என்பதுதான். 1996-ல் சிதம்பரத்தில் மருத்துவ மாணவர் நாவரசு கொல்லப்பட்டதையும் 1997-ல் தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் வந்ததையும் பார்த்த தலைமுறை அவர். இங்கேயும் மாணவர்கள் செத்திருக்கிறார்கள். 2018-ல் ஒஹாயோ பல்கலைக்கழக மாணவர் காலின் வையன்ட் இறந்த பிறகு, 2021-ல் அவர் பெயரிலேயே ‘காலின்ஸ் லா’ வந்தது. கட்டாயப்படுத்திக் குடிக்க வைத்து ஒருவருக்குப் பெரிய பாதிப்பு ஏற்பட்டால் இப்போது இந்த மாநிலத்தில் அது ஃபெலனி, அதாவது கடுமையான குற்றம்.

சரி, பில்லுக்கு வருவோம்.

சேரும்போது ஒரு கட்டணம், இனிஷியேஷன் என்கிற முறையான சேர்க்கைச் சடங்குக்கு ஒரு கட்டணம், இது போக தலைக்கு இன்ஷூரன்ஸ். கடைசியில் சொன்னதுதான் பெரிசு. எங்களுக்கு வீடு கிடையாது, வகுப்பறை கேட்டு வாங்கித்தான் கூட்டம் நடத்துவோம். ஆனாலும் வீடு வைத்திருக்கிற பழைய சாப்டருக்கு என்ன ரேட்டோ அதேதான் எங்களுக்கும். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது ரோஸ்டர் தேதி. அந்தத் தேதியில் பட்டியலில் யார் பெயரெல்லாம் இருக்கிறதோ அத்தனை பேருக்கும் பில் வரும். அடுத்த வாரமே ஒருத்தன் விலகினாலும் அவன் பங்கை சாப்டர்தான் கட்ட வேண்டும். புது சாப்டரில் ஆள் கழன்றுகொள்வது சகஜம். பாதிப் பேர் கன்சல்டன்டைப் பிடித்துப்போய்ச் சேர்ந்தவர்கள், அவன் அடுத்த வளாகத்துக்குப் போனதும் வருவதை நிறுத்திவிட்டார்கள். நேஷனல்ஸுக்கு எழுதிக் கேட்டால் ‘இதுதான் பாலிசி’ என்று ஒரே வரியில் பதில். கடைசியில் இருந்தவர்கள் தலையில்தான் அந்தப் பணம் ஏறியது. நீங்கள் பொருளாளரானால் ஊசலாடுகிறவன் பெயரை அந்தத் தேதிக்கு முன்னால் பட்டியலில் ஏற்றாதீர்கள்.

சட்டைக் கதை தனி. எங்கள் எழுத்து போட்ட டீ-ஷர்ட்டை அப்பாவிடம் சொன்னால் நல்ல காம்ப்டு காட்டனில், நல்ல ஜிஎஸ்எம்மில் (துணியின் கனம்) அடித்து அனுப்பியிருப்பார். முடியாது. எழுத்தும் சின்னமும் டிரேட்மார்க், உரிமம் வாங்கிய கடையில்தான் அடிக்க வேண்டும். அந்தக் கடை அனுப்பிய சட்டை ரெண்டு சலவையில் முறுக்கிக்கொண்டது, பக்கத் தையல் வயிற்றுக்கு வந்துவிட்டது. திருப்பூரில் அதை செகண்ட்ஸ் (குறையுள்ள சரக்கு) பேலில்தான் கட்டுவார்கள்.

நேஷனல்ஸே வேண்டாம், நாமாகவே ஒன்று தொடங்கலாமே என்று கேட்பீர்கள். தொடங்கலாம். 1839-ல் இதே ஒஹாயோவில், ஆக்ஸ்ஃபோர்டு என்ற சின்ன ஊரில் இருக்கும் மியாமி பல்கலைக்கழகத்தில் பீட்டா தீட்டா பை என்ற ஃப்ரட்டர்னிட்டியைத் தொடங்கிய எட்டுப் பேருக்கு யாரும் பில் அனுப்பவில்லை. ஆனால் இன்றைக்கு எங்கள் பல்கலைக்கழகம் அங்கீகாரம் தர இன்ஷூரன்ஸ் கேட்கிறது. தனியாக அதை வாங்கப் போய் விலை விசாரித்தவன் நான், தலை சுற்றியது. தெற்காசியப் பையன்கள் தொடங்கிய டெல்டா எப்சிலான் சை (ஆஸ்டின், 1998), பீட்டா கை தீட்டா (லாஸ் ஏஞ்சலஸின் யூசிஎல்ஏ பல்கலைக்கழகம், 1999) மாதிரி நேஷனல்களும் உண்டு. எங்கள் வளாகத்தில் அதற்கு ஆள் தேறவில்லை.

ஆன்லைன் பயிற்சி வீடியோக்கள் தூக்கம் வராதவர்களுக்கு உதவும். சார்ட்டருக்கான (முழு சாப்டர் என்ற அங்கீகாரப் பத்திரம்) மனு எழுதுவது வேலைதான், ஆனால் மாதிரி மனு தருகிறார்கள், தெளிவாக இருக்கிறது. சாப்டரை முறைப்படி தொடங்கிவைக்கும் இன்ஸ்டலேஷன் அன்றைக்குப் பக்கத்து சாப்டரிலிருந்து ஒரு குழு வந்து சடங்கை நடத்தியது. உள்ளே நடந்ததைச் சொல்லக் கூடாது. வெளியே நடந்த விருந்தைச் சொல்லலாம்: சைவம் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் என்னை மாதிரி கோட்டு சூட்டில் உட்கார்ந்து இலைதழையும் பன்னும்தான்.